எச்ஜே சாண்ட்மேன் பேனல் வேன்: தகடு போட்டோ இருக்கிறது, அசலா, வேஷமா?

மயிலை வேன் எழுதியது:

மெல்பர்னில் விற்பனைக்கு வந்திருக்கிற ஒரு ஹோல்டன் (ஆஸ்திரேலியக் கார் கம்பெனி) பேனல் வேனை, அதாவது பின்பக்கம் பெட்டி மாதிரி மூடின வண்டியை, சென்னைக்குக் கொண்டுவரலாமா என்று பார்க்கிறேன். விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: 1975 எச்ஜே (அந்த வருஷத்து மாடல் வரிசை) சாண்ட்மேன், 308 வி8, நாலு கியர் மேனுவல், நம்பர் எல்லாம் மேட்ச், அதாவது ஆலையில் பூட்டின எஞ்சினே இன்னும் இருக்கிறது. அங்கே சித்தப்பா பையன் இருக்கிறான். நேரில் போவான், ஆனால் வண்டி விவரம் தெரியாது. எதைப் பார்க்கணும், எதைப் படம் எடுக்கணும் என்று சொன்னால் அப்படியே செய்வான்.

விற்கிறவர் அனுப்பிய போட்டோக்களில் படிக்க முடிந்தவை: பாடி தகட்டில் மாடல் எண் 70 என்று முடிகிறது. அதே தகட்டில் கீழே எக்ஸ்யூ3. கம்ப்ளையன்ஸ் தகட்டில் (அரசு விதிகளுக்கு உட்பட்ட வண்டி என்று காட்டுகிற தகடு) 5/75, அதாவது 1975 மே. எஞ்சின் நம்பர் க்யூஆர் என்று ஆரம்பிக்கிறது. வண்டி இப்போது மஞ்சள், பக்கவாட்டில் பட்டை, பின் கதவில் பெரிய சாண்ட்மேன் எழுத்து. கதவு பீடிங் ஓரத்தில் ஓரிடத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது.

எக்ஸ்யூ3 இருந்தாலே அசல் சாண்ட்மேன் என்று எடுத்துக்கொள்ளலாமா? க்யூஆர் என்றால் என்ன? நம்ம ஊர் ஆர்டிஓ வரைக்கும் யோசித்தால் எந்தத் தகடு முக்கியம்?

பெரம்பூர் பிஸ்டன் எழுதியது:

முதலில் எஞ்சின் நம்பர். க்யூஆர் என்றால் 253, அதாவது 4.2 லிட்டர் வி8. 308 என்கிற 5 லிட்டருக்கு க்யூடி வரணும். ஆறு சிலிண்டர் 202 ஆக இருந்தால் க்யூஎல். ஆக "308, நம்பர் எல்லாம் மேட்ச்" என்ற வரி அங்கேயே உடைந்துவிட்டது. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 253, 308 இரண்டும் ஒரே குடும்பம், வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாராவது ஏர் கிளீனர் மேல் 308 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அடுத்தடுத்து வாங்கினவர்கள் அதையே நம்பியிருப்பார்கள்.

253 என்பதால் சாண்ட்மேன் இல்லை என்றும் ஆகாது. சாண்ட்மேன் தனி மாடல் இல்லை, வேனுக்கும் யூட்டுக்கும் (பின்பக்கம் திறந்த பிக்கப்) மேலே வாங்கிக்கொள்கிற ஒரு பேக்கேஜ். 202, 253, 308 மூன்றிலும் வந்தது. 1974இல் எச்க்யூ வண்டியில் ஆரம்பித்து எச்ஜே, எச்எக்ஸ், எச்இசட் வரை போனது. அந்தப் பேக்கேஜுக்கான குறியீடுதான் எக்ஸ்யூ3.

மாடல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். ஹோல்டனில் அது பாடி வகை. 69 செடான், 35 வேகன், 37 கூப்பே, 80 யூட், 70 பேனல் வேன். உங்களுடையது 70, அந்த மட்டில் சரி. 80 என்று இருந்திருந்தால் வேறு வண்டியின் தகடு என்றோ, யூட்டுக்குக் கூரை வெல்டு செய்திருக்கிறார்கள் என்றோ அர்த்தம். அப்போது அடுத்த கேள்வியே தேவைப்படாது.

5/75 எச்ஜே காலத்துக்குப் பொருந்துகிறது. எச்ஜே 1974 அக்டோபரில் வந்தது, எச்எக்ஸ் 1976 ஜூலையில். முன்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். எச்க்யூவுக்கு இண்டிகேட்டர் பம்பரில் இருக்கும், எச்ஜேவுக்கு ஹெட்லைட் பக்கத்தில் மூலையைச் சுற்றி வரும். ஆனால் முன் மட்கார்டு எல்லாம் போல்ட் கழற்றி மாட்டுகிற சமாச்சாரம், அதை மட்டும் வைத்து வருஷம் சொல்லக்கூடாது.

இன்னொரு விஷயம், எஞ்சின் மேல் இஜிஆர் வால்வும் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்களும் இருக்கிறதா? ஏடிஆர் 27ஏ என்ற ஆஸ்திரேலியப் புகை விதி 1976 ஜூலையில் அமலானது, எச்எக்ஸ் வந்ததே அதை ஒட்டித்தான். 1975 மே மாத வண்டியில் அந்தச் சாமான் இருந்தால் எஞ்சின் பின்னால் வந்த வண்டியுடையது. பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும், அது 5/75க்குச் சில வாரங்கள் முன்னால் இருந்தால் நல்லது. பின்னால் இருந்தால் கதை முடிந்தது.

கிண்டி கார்ப் எழுதியது:

பிஸ்டன் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்யூ3 என்ற மூன்று எழுத்தை நம்பி யாரும் காசு கொடுக்காதீர்கள். சாண்ட்மேனைச் சாண்ட்மேன் ஆக்குகிற எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை: மொனாரோ ஜிடிஎஸ் (ஹோல்டனின் ஸ்போர்ட்ஸ் கார்) பாணி ஸ்டியரிங், டாக்கோமீட்டர் உள்ள ஜிடிஎஸ் டேஷ், பக்கெட் சீட், ரேலி வீல், பட்டை ஸ்டிக்கர். மறுதயாரிப்பு ஸ்டிக்கர் செட் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. சாதாரண டெலிவரி வேனை ஒரு மாதத்தில் சாண்ட்மேன் ஆக்கலாம். நம்ம ஊரில் லோ டார்க் ராஜ்தூத் 350ஐ ஹை டார்க் என்று விற்கிற அதே வித்தைதான். வேஷம் போடக் கஷ்டமான இடம் தகடு ஒன்றுதான், அதனால்தான் வேஷக்காரன் முதலில் கை வைப்பதும் தகட்டில்தான்.

இரண்டு வழியில் ஏமாற்றலாம். ஒன்று, முழுத் தகட்டையும் புதிதாக அடித்து மாட்டுவது. இன்னொன்று, அசல் தகட்டில் காலியாக இருக்கிற இடத்தில் எக்ஸ்யூ3 என்று மட்டும் பின்னால் பஞ்ச் பண்ணுவது. இரண்டாவதைப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் மற்ற நம்பர் எல்லாம் உண்மை.

தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிற தகடுகளை நேராக ஒரு படம், பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம். பிளாஷ் வேண்டாம், பிளாஷ் பள்ளத்தை மறைத்துவிடும். பக்கத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஆழமும் நிழலாகத் தெரியும். எல்லா எழுத்தும் ஒரே ஆழம், ஒரே வரிசை, ஒரே எழுத்து வடிவமா என்று பாருங்கள். பள்ளத்துக்குள் அம்பது வருஷ அழுக்கு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கணும்.

அதோடு, நம்ம ஆர்டிஓவில் சேசிஸ் பிரின்ட் எடுப்பது போலவே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து வாங்கச் சொல்லுங்கள். போட்டோவில் ஏமாறுகிற கண் பென்சில் பிரின்டில் ஏமாறாது.

ரிவெட்டையும் கிட்டத்தில் எடுக்கணும். தலை பளபளவென்று இருக்கிறதா, சுற்றிலும் கீறல் இருக்கிறதா, தகட்டின் ஓரத்துக்கு அடியில் பழைய தகட்டின் நிழல் வேறு அளவில் தெரிகிறதா. ரிவெட் வகையை நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. டான்டினாங், எலிசபெத், பேஜ்வுட், அகேசியா ரிட்ஜ் என்று பல ஆலைகளில் வண்டி கட்டினார்கள், வேலைப்பாடும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். அதே ஆலை, அதே வருஷத்து, யாரும் கை வைக்காத இன்னொரு வண்டியின் தகட்டோடுதான் ஒப்பிடணும். சாதாரண செடானாக இருந்தாலும் பரவாயில்லை.

தகடு இருக்கிற சுவரையே ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகளுக்கு விண்ட்ஷீல்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது தீராத வியாதி. துருப்பிடித்த அசல் வண்டியின் தகட்டுப் பகுதியைச் சதுரமாக வெட்டி, நல்ல பாடியில் வைத்து வெல்டு பண்ணுகிறவர்களும் உண்டு. தகட்டைச் சுற்றி மட்டும் புது பெயிண்ட், உள்ளே டேஷ் அடியில் கை வைத்தால் வெல்டு மேடு என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

வெள்ளை பெயிண்ட் பற்றி: அது மட்டும் குற்றமில்லை. நிறம் மாற்றுவது சகஜம். தகட்டில் உள்ள பெயிண்ட் எண் வெள்ளையா மஞ்சளா என்று முதலில் பாருங்கள். அது வெள்ளை என்றால், வண்டி வெள்ளையாகத்தான் பிறந்தது, அவ்வளவே. ஆனால் தகட்டில் உள்ள டிரிம் எண்ணையும் (உள் அலங்காரக் குறியீடு) உள்ளே இருக்கிற சீட் துணியையும் ஒப்பிட மறக்காதீர்கள். யாரும் அதைக் கவனிப்பதில்லை, வேஷம் போடுகிறவனும் கவனிப்பதில்லை.

மயிலை வேன் எழுதியது:

தம்பி போய்ப் பார்த்துவிட்டான். பதினெட்டு படம், பென்சில் பிரின்ட் இரண்டு. பார்த்தது இது:

பெயிண்ட் எண் வெள்ளை. எக்ஸ்யூ3இல் எக்ஸும் யூவும் மற்ற எழுத்துகளின் உயரம்தான். 3 மட்டும் ஒரு நூல் கீழே இறங்கி நிற்கிறது, ஆழமும் அதிகம். மற்றப் பள்ளங்களில் கருப்பு அழுக்கு அடைந்திருக்கிறது. இந்த மூன்று எழுத்தின் அடியில் உலோகம் மினுங்குகிறது. பென்சில் பிரின்டில் 3இன் வயிறு தடித்து விழுந்திருக்கிறது. தகட்டின் இடது ரிவெட் மங்கல், வலது ரிவெட்டும் மங்கல், இரண்டும் ஒரே மாதிரி. சுவரில் வெல்டு இல்லை.

உள்ளே பக்கெட் சீட். ஆனால் தரையில், சீட்டுக்கு வெளியே, ரப்பர் அடைப்பான் போட்ட நாலு ஓட்டை இருக்கிறது. கியர் லிவர் வருகிற இடத்தில் தகரம் கொஞ்சம் கோணலாக வெட்டியிருக்கிறது. இஜிஆர் எதுவும் இல்லை.

பெரம்பூர் பிஸ்டன் எழுதியது:

அந்த நாலு ஓட்டைதான் வாக்குமூலம். முன்னால் நீள பெஞ்ச் சீட் இருந்திருக்கிறது. கோணல் வெட்டு என்றால் கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்ததைத் தரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஸ்டியரிங் தண்டின் அடியில் லிவர் இணைப்பு வந்த இடத்தில் மூடின ஓட்டையோ தேய்ந்த தடமோ கிடைக்கும், தேடச் சொல்லுங்கள். தொழிற்சாலை நாலு கியர் வண்டியில் தரைத் துளை அச்சில் வெட்டின ஓரத்தோடு இருக்கும், தகர கத்தரியால் வெட்டினது மாதிரி இருக்காது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு: தகடு அசல், அதே வண்டியில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிறது. எக்ஸ்யூ3 மட்டும் பின்னால் ஏறியது. வெள்ளை எச்ஜே பேனல் வேன், 253. சாண்ட்மேன் இல்லை.

ஒரு கடைசி சோதனை இருக்கிறது. பின் ஆக்சிலைக் கீழே படுத்துப் பாருங்கள். நடு உருண்டையின் பின்பக்கம் போல்ட் வைத்த மூடி இருந்தால் சாலிஸ்பரி, 308க்குப் பின்னால் வருகிற பலமான வகை. பின்பக்கம் வழுவழுப்பாக, மூடி இல்லாமல் இருந்தால் பேன்ஜோ. பேன்ஜோ என்றால் இந்த வண்டியில் 308 எப்போதும் இருந்ததில்லை என்று ஏறக்குறைய நிச்சயம்.

மயிலை வேன் எழுதியது:

மூடி இல்லை. பேன்ஜோ.

கிண்டி கார்ப் எழுதியது:

அப்படியானால் வருத்தப்பட ஒன்றுமில்லை. எஞ்சினும் ஆக்சிலும் தகடும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கிற வேன் அது. சாண்ட்மேன் விலை கொடுக்காதீர்கள், வேன் விலை கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள், முழு சேசிஸ் நம்பர் தெரிகிற படத்தைப் பொது இடத்தில் போட வேண்டாம். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். நல்ல தகட்டின் தெளிவான படம் கிடைத்தால் நகல் எடுக்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

டான்டினாங் தமிழ் எழுதியது:

காசு கை மாறும் முன் பிபிஎஸ்ஆர் தேடுதல் செய்துவிடுங்கள். அரசுப் பதிவேடு, அதிகாரபூர்வத் தளத்தில் 2 டாலர். அதே மாதிரிப் பெயரில் நாலைந்து தனியார் தளங்கள் இருபது முப்பது வாங்குகின்றன, அங்கே போக வேண்டாம். வண்டி மேல் கடன் இருக்கிறதா, திருடப்பட்டதாகப் பதிவு உண்டா, விபத்தில் தள்ளுபடி ஆனதா என்பதெல்லாம் அந்த ஒரே சான்றிதழில் வரும்.

இங்கே ஆஸ்திரேலியாவில் 17 இலக்க விஐஎன் (வண்டி அடையாள எண்) 1989இலிருந்துதான். அதனால் இந்த வண்டிக்குச் சேசிஸ் நம்பரை வைத்துத்தான் தேடணும். பூஜ்யமா ஓ எழுத்தா, ஒன்றா ஐ எழுத்தா என்பதில் ஒரு தடவை தவறினால் "எதுவும் இல்லை" என்று சுத்தமாக வரும், நீங்களும் வண்டி சுத்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். நாலு டாலர்தான்.

விற்கிறவரிடம் பதிவுச் சான்று, அதில் உள்ள எஞ்சின் நம்பர், வண்டி முதன்முதலில் எந்தத் தேதியில் பதிவானது என்பதற்கு ஏதாவது பழைய காகிதம், மூன்றையும் கேளுங்கள். அந்தக் காலத்துச் சர்வீஸ் புத்தகம் டேஷ் பெட்டியில் கிடந்தால் அது தங்கம்.

வடபழனி வின்டேஜ் எழுதியது:

இறக்குமதிப் பக்கம் மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு இறக்குமதி உரிமம் தேவையில்லை என்று 2025இல் தளர்த்தினார்கள். ஆனால் இங்கே பதிவு செய்வது 2021இல் வந்த பழமை வாகன விதிப்படி. அது அம்பது வருஷத்தை முதல் பதிவுத் தேதியிலிருந்து எண்ணுகிறது, ஆலைத் தேதியிலிருந்து அல்ல. 5/75 தகடு ஆலை பற்றிய சாட்சி. மேலே டான்டினாங் தமிழ் சொன்ன அந்தப் பழைய காகிதம்தான் பதிவு பற்றிய சாட்சி. இரண்டும் வேண்டும்.

பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் விஏ வரும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் போகிற கனவு இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டலாம். முதலாவது, விதி சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றாத அசல் வண்டியைத்தான் பழமை என்கிறது. இங்கேதான் உங்கள் 253 நல்ல செய்தி. விற்கிறவர் சொன்னது போல உண்மையிலேயே பின்னால் 308 ஏறியிருந்தால் நீங்கள் விளக்கம் எழுதியே ஓய்ந்திருப்பீர்கள். தரையில் வெட்டின கியர் துளை, பின்னால் ஏறிய எக்ஸ்யூ3 இரண்டையும் மறைக்காதீர்கள். "சாண்ட்மேன்" என்ற சொல்லே எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. விற்பனை ரசீது, ஏற்றுமதிக் காகிதம், சுங்கப் பில் எல்லாவற்றிலும் "ஹோல்டன் எச்ஜே பேனல் வேன், 4.2 லிட்டர்" என்றே இருக்கட்டும். ரசீதில் 308 என்று எழுதி, துறைமுகத்தில் ஆய்வாளர் எஞ்சினில் க்யூஆர் படித்தால், கன்டெய்னர் வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பெரியது. பேனல் வேன் பிறப்பிலேயே சரக்கு வண்டி. பழமை வாகன விதியோ சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனத்தையும் பயணிகள் காரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கவுன்ட்டரில் இருப்பவர் "இது கூட்ஸ் வண்டி சார்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போக்குவரத்து ஆணையரகத்துக்கு மாடல் எண், படம், சொந்த உபயோக உறுதி மூன்றையும் வைத்து மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி "பார்த்துக்கலாம்" எதற்கும் உதவாது.

வண்டி இருபதடி கன்டெய்னரில் அடங்கும். உள்நீளம் 5.9 மீட்டர், வண்டி ஐந்து மீட்டரை ஒட்டி. கட்டுகிறவர்களிடம் முன் பம்பரைக் கழற்றச் சொல்ல வேண்டாம், கழற்றினது ஒன்றும் திரும்பி வராது.

மயிலை வேன் எழுதியது:

மனு திங்கட்கிழமை கொடுக்கிறேன். பிபிஎஸ்ஆர் ஓ போட்டும் பூஜ்யம் போட்டும் தேடியாச்சு, இரண்டிலும் சுத்தம். விற்கிறவரிடம் பென்சில் பிரின்ட் படத்தையும் பேன்ஜோ படத்தையும் அனுப்பினேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார், விளம்பரத்தில் 308ஐ எடுத்துவிட்டார். எக்ஸ்யூ3ஐ இன்னும் எடுக்கவில்லை.

பெரம்பூர் பிஸ்டன் எழுதியது:

அவர் எடுக்காவிட்டால் போகிறது. ரசீதில் "எக்ஸ்யூ3 முத்திரை பின்னால் சேர்க்கப்பட்டது, விலை அதைக் கணக்கில் கொள்ளவில்லை" என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை வாங்கின பிறகு அந்த 3ஐ அழிக்கிறேன் என்று மட்டும் தகட்டில் கை வைத்துவிடாதீர்கள். அசல் தகட்டை ராவினால் இப்போது இருக்கிற சாட்சியும் போய்விடும்.